பென்ஷன் வாங்கிய ராஜாக்கள்

தூக்கில் தொங்கிய அரசனுக்கு நம் ஊரில் சிலை உண்டு, சினிமா உண்டு, மேடைப் பேச்சில் ஒரு பத்தி உண்டு. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கும்பினிக்காரர்கள் அன்றைக்கே அவனுக்குச் சாகாவரமும் கொடுத்துவிட்டார்கள். அதே வருஷம் மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் சண்டையில் விழுந்த திப்புவுக்கும் அதே கதைதான். இரண்டு வருஷம் கழித்து திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். எல்லாரும் தோற்றார்கள், தோற்ற சூட்டோடு செத்தார்கள். மிச்சத்தை மக்கள் பார்த்துக்கொண்டார்கள்.

சரித்திரத்திலேயே மிகப் பாவப்பட்ட அரசன் யார் என்று யாராவது கேட்டால் நான் இவர்களில் ஒருவரையும் சொல்லமாட்டேன். தோற்ற பிறகும் உயிரோடு விடப்பட்டவர்களைத்தான் சொல்வேன். பத்திரமாகக் கப்பலேற்றி, பாஷை தெரியாத ஊரில் ஒரு பங்களா கொடுத்து, மாதாமாதம் பென்ஷனும் கொடுத்து, 'சாகிற வரைக்கும் இங்கேயே இரும்' என்று உட்காரவைக்கப்பட்டவர்கள். அவர்களைப் பற்றி ஆவணக் காப்பகங்களில் காகிதம் நிறைய இருக்கும். கூடுதல் படி கேட்டு மனு, வேலைக்காரர் எண்ணிக்கை, வைத்தியச் செலவு. காவியம் மட்டும் இருக்காது.

இந்த யோசனை வெள்ளைக்காரனுக்குச் சும்மா வரவில்லை. திப்பு செத்ததும் அவன் பிள்ளைகளையும் அந்தப்புரத்தையும் வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் அங்கே சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, காதில் கடுக்கன் கூடாது, நெற்றியில் நாமம் கூடாது என்ற உத்தரவுகள்தான் உடனடிக் காரணம். ஆனால் எழுந்தவர்கள் ஏற்றியது மைசூர்க் கொடி. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அரசனைக் கொன்றால் தியாகி, பக்கத்தில் வைத்தால் கொடிமரம். இரண்டும் வேண்டாமென்றால் கடல் தாண்டிக் கொண்டுபோய்விட வேண்டும். அதற்குப் பிறகு வந்த எழுபது எண்பது வருஷங்களில் அவர்கள் செய்ததைப் பார்த்தால், இந்தக் கணக்கை மனப்பாடமே செய்துவைத்திருந்தார்கள் என்றுதான் தோன்றுகிறது.

கண்டி ராஜா வேலூருக்கு வந்தான். டில்லி பாதுஷா ரங்கூனுக்குப் போனார். பர்மா ராஜா ரத்னகிரிக்கு வந்தான். ஒருவன் நாடு இன்னொருவனுக்கு ஜெயில்.

பகதூர் ஷா ஜாஃபர் கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1837-ல் பட்டத்துக்கு வந்தபோதே அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. செங்கோட்டைச் சுவருக்கு வெளியே அவர் பேச்சை யாரும் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. கும்பினி கொடுத்த பணத்தில் கவிதை எழுதிக்கொண்டு, காலிப் முதலான கவிஞர்களை ஆதரித்துக்கொண்டு காலம் கழித்த பெரியவர். 1857 மே 11 காலையில் மீரட் சிப்பாய்கள் வந்து, நீர்தான் எங்கள் பாதுஷா என்று நின்றார்கள். மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லை, சரி என்று சொல்லிவிட்டு நடத்தத் தெம்பும் இல்லை. நாலு மாதத்தில் டில்லி விழுந்தது. ஹுமாயூன் சமாதியில் ஒளிந்திருந்தவர், உயிருக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு ஹாட்சன் என்ற அதிகாரியிடம் சரணடைந்தார். மறுநாள் அதே ஹாட்சன் இரண்டு மகன்களையும் ஒரு பேரனையும் வழியில் வண்டியை விட்டு இறக்கி, துணியைக் களையச் சொல்லி, சுட்டுக் கொன்றான்.

அதற்கப்புறம் விசாரணை. அவருடைய சொந்த திவான்-இ-காஸ் மண்டபத்திலேயே, 1858 ஜனவரி முதல் மார்ச் வரை. குற்றச்சாட்டு, ராஜத்துரோகம். இதிலுள்ள வேடிக்கையை யோசித்துப் பாருங்கள். 1765-ல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமையைக் கும்பினி வாங்கியதே இவருடைய தாத்தா ஷா ஆலத்திடம்தான். 1835 வரைக்கும் கும்பினி ரூபாயில் முகலாய பாதுஷாவின் பெயர் இருந்தது. காகிதப்படி பார்த்தால் கும்பினி வேலைக்காரன், பாதுஷா முதலாளி. வேலைக்காரன் முதலாளியைக் கூண்டில் ஏற்றி, நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய் என்று தீர்ப்புச் சொன்னான்.

அந்த வருஷக் கடைசியில் ரங்கூன் போய்ச் சேர்ந்தார். 1862 நவம்பர் 7-ம் தேதி விடிகாலையில் இறந்தார். வயது எண்பத்தேழு. அன்று மாலையே புதைத்து, குழியை மண்ணோடு மண்ணாகச் சமப்படுத்தி, மேலே புல் பத்தையைப் பதித்து, சுற்றி மூங்கில் வேலியும் போட்டுவிட்டார்கள். வேலி உளுத்துப்போகும் காலத்துக்குள் புல் மண்டி இடம் தெரியாமல் போய்விடும் என்பது பொறுப்பதிகாரியின் திட்டம். திட்டம் நன்றாகவே பலித்தது. 1943-ல் நேதாஜி ரங்கூனுக்கு வந்து ஜாஃபர் சமாதியில் இந்திய தேசிய ராணுவத்தோடு மரியாதை செலுத்தினார். மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளமாக இருந்த படை அது. ஆனால் அசல் குழி அங்கே இல்லை. 1991-ல் கால்வாய்க்குத் தோண்டும்போதுதான், சற்றுத் தள்ளி, செங்கல் கட்டோடு அகப்பட்டது.

அடுத்தது தீபா. பர்மாவின் கடைசி அரசன்.

இவனிடம் எனக்கு இரக்கம் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஏனென்றால் ஆரம்பமே ரத்தம். மிண்டோன் அரசருக்குப் பிள்ளைகள் ஏகப்பட்ட பேர். அதில் தீபா மடத்தில் பாலி படித்து, பெரிய பரீட்சையில் தேறிய, சாதுவான பையன். 1878-ல் மிண்டோன் சாகக் கிடக்கும்போது, இந்தப் பையன் சொன்னபடி கேட்பான் என்று பெரிய ராணியும் மந்திரிகளும் கணக்குப் போட்டு அவனை உட்காரவைத்தார்கள். ராணியின் மகள் சுபயலாத் அவனுக்குப் பட்டமகிஷி. அடுத்த பிப்ரவரியில், போட்டிக்கு வரக்கூடிய அண்ணன் தம்பிகள், அவர்களுடைய தாய்மார்கள், குழந்தைகள் என்று ஏறக்குறைய எண்பது பேரைத் தீர்த்துக்கட்டினார்கள். ராஜ ரத்தம் தரையில் சிந்தக்கூடாது என்பது சாஸ்திரம். அதனால் துணிப்பையில் போட்டுக் கட்டையால் அடித்தே கொன்றார்கள். உத்தரவு அவனுடையதா, மாமியாருடையதா, மனைவியுடையதா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. யாருடையதாக இருந்தால் என்ன, சிம்மாசனத்தில் இருந்தது அவன்தான்.

ஆனால் அவனைக் கவிழ்த்தது அந்தப் பாவம் இல்லை. தேக்கு மரம். பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி, கொடுத்த பணத்துக்கு மேல் மரம் வெட்டிக் கடத்துகிறது என்று அரசவை 1885-ல் இருபத்துமூன்று லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. கூடவே, பிரெஞ்சுக்காரர்களோடு தீபா உறவு கொண்டாடுகிறான் என்ற பயம். லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த ராண்டால்ஃப் சர்ச்சிலுக்கு, பின்னாளில் வந்த சர்ச்சிலின் அப்பாவுக்கு, சண்டைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. நவம்பரில் படகுகள் ஐராவதியில் ஏறின. இரண்டு வாரத்தில் யுத்தம் முடிந்தது. மண்டலே அரண்மனையிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி, அழுதுகொண்டு நின்ற ஜனங்களுக்கு நடுவே கரைக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்கள். 1886 ஜனவரி 1, பர்மா பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தோடு சேர்க்கப்பட்டது. விக்டோரியா மகாராணிக்குப் புத்தாண்டுப் பரிசு.

அவனை முதலில் கொண்டுவந்து வைத்த ஊர் எது தெரியுமா? நம் சென்னைதான். நாலு மாதம் போல இங்கே இருந்தார்கள். மூன்றாவது இளவரசி பிறந்ததும் இங்கேதான். ஏப்ரலில் மேற்குக் கரையில் ரத்னகிரிக்கு மாற்றினார்கள். அப்போது அது ரயில் இல்லாத ஊர், கடல் வழியாகத்தான் போகவேண்டும். அதற்காகவே தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

இதில் ஒரு சங்கதி. 1885 டிசம்பரில் தீபாவை ஏற்றிய கப்பல் ரங்கூனைத் தொட்டுத்தான் வந்தது. அந்த ரங்கூனில், ஜாஃபரின் பேகம் ஜீனத் மஹல் அப்போதும் உயிரோடு இருந்தாள். புருஷன் போய் இருபத்துமூன்று வருஷமாகியும் அந்த ஊரை விட்டுப் போக முடியாமல். டில்லியின் கடைசி மகாராணி வாழும் ஊர் வழியாக மண்டலேயின் கடைசி மகாராணி இந்தியாவுக்குக் கடத்தப்படுகிறாள். ஒருத்திக்கு இன்னொருத்தியைப் பற்றித் தெரிந்திருக்குமா? அடுத்த வருஷம் ஜூலையில் ஜீனத் மஹல் இறந்துபோனாள். ஒரு நாவலாசிரியன் இப்படி எழுதினால் ரொம்பத்தான் ஜோடிக்கிறான் என்று சொல்லியிருப்போம்.

ரத்னகிரிக்கு வந்தபோது தீபாவுக்கு இருபத்தேழு வயது. செத்தது 1916 டிசம்பரில், ஐம்பத்தேழு வயதில். நடுவில் முப்பது வருஷம். அத்தனை வருஷமும் செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. கொண்டுவந்த நகைகள் ஒவ்வொன்றாக உள்ளூர் சேட்டுகளிடம் போயின. நாலு பெண்கள் வளர்ந்தார்கள். ராஜ ரத்தத்தில்தான் கல்யாணம் செய்வேன் என்றால் ரத்னகிரியில் மாப்பிள்ளைக்கு எங்கே போவது? மூத்தவள் அரண்மனை வாயிற்காவலர் ஒருவரோடு உறவாகி ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். அந்தப் பேத்தி மராத்தி பேசி, மராத்தியப் பெண்ணாகவே, ரத்னகிரியில் ஏழையாக வாழ்ந்து முடித்தாள். அரபிக் கடலைப் பார்த்து நிற்கும் அந்தச் செங்கல் நிற அரண்மனையைச் சர்க்கார் கட்டி முடித்தது 1910-ல். இருபத்துநாலு வருஷம் காக்கவைத்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தான்.

செத்த பிறகும் விடவில்லை. உடலைப் பர்மாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சுபயலாத் பிடிவாதம் பிடித்தாள். சர்க்கார் முடியாது என்றது. 1919-ல் ரத்னகிரியிலேயே சமாதி கட்டிவிட்டார்கள். ராணி மட்டும் ரங்கூன் திரும்பினாள். செத்த அரசனுக்குப் பயப்படும் சாம்ராஜ்யம் எவ்வளவு பெரிய சாம்ராஜ்யம்!

சரி, இனி கண்டி. நான் எழுத உட்கார்ந்ததே இவனுக்காகத்தான்.

கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுப்பது பழைய வழக்கம். 1739-ல் வாரிசு இல்லாமல் அரசர் ஒருவர் இறந்துபோக, ராணியின் தம்பி பட்டத்துக்கு வந்தார். அதிலிருந்து சிங்கள ராஜ்ஜியத்தை ஆண்டது நாயக்கர் வம்சம். தெலுங்கு வழி, தமிழ் பேச்சு, பௌத்த மதம். இந்த வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த துறவுப் பரம்பரையைத் திரும்ப உண்டாக்கினார்கள். வந்தேறி என்று பின்னாளில் பேர் வாங்கிய வம்சம் செய்த காரியம் இது.

1798-ல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தான். ராணியின் தம்பி முத்துசாமி இருக்க, முதல் மந்திரியான பிலிமத்தலாவை அதிகார், கண்ணுசாமி என்ற பதினெட்டு வயதுப் பையனைத் தூக்கி உட்காரவைத்தார். அவன்தான் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மண்டலேயில் எண்பது வருஷம் கழித்து நடந்ததும் இதே கணக்குதான். சாதுப் பையன், நம் கைக்குள் இருப்பான். கண்ணுசாமி கைக்குள் இருக்கவில்லை. அதிகார் கரையோரத்து வெள்ளைக்காரர்களோடு ரகசியப் பேச்சு ஆரம்பித்தார். 1803-ல் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்து முத்துசாமியைப் பொம்மை ராஜாவாக வைத்தது. மலைக்காய்ச்சலே பாதிப் படையைத் தின்றது. மிச்சம் சரணடைந்தது, வெட்டப்பட்டது. முத்துசாமியும் செத்தான். இருபத்துச் சொச்சம் வயதில் ஒரு வெள்ளைப் படையை ஒழித்துக்கட்டிய ராஜா. கதை அங்கேயே முடிந்திருந்தால் அவனுக்கும் ஊருக்கு ஊர் சிலை இருந்திருக்கும்.

முடியவில்லை. இன்று கண்டிக்குப் போகிறவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஏரியை அவன்தான் வெட்டினான். தலதா மாளிகை முகப்பில் எண்கோண மண்டபம் கட்டியதும் அவன்தான். கூலியில்லாத ராஜகாரிய வேலையாக ஜனங்களை இழுத்து வெட்டவைத்த ஏரி அது, வயிறெரிந்துதான் வெட்டியிருப்பார்கள். பிலிமத்தலாவைக்கு மரண தண்டனை. அடுத்து வந்த எகலப்பொல அதிகாரும் 1814-ல் வெள்ளைக்காரர் பக்கம் ஓடிப்போக, ராஜா அவருடைய குடும்பத்தின் மேல் பாய்ந்தான். பிள்ளைகளின் தலையை வெட்டினார்கள். மனைவியைப் போகம்பறைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். வெட்டிய தலைகளைத் தாயையே உரலில் போட்டு இடிக்கச் சொன்னான் என்று ஒரு கதையும் உண்டு. அந்த உரல் எவ்வளவு உண்மை என்பதில் சந்தேகம் இருக்கிறது. ஜான் டொயிலி என்ற ஆங்கில அதிகாரி பிரதானிகளிடையே ஒற்றர் வலை விரித்து, ராஜாவுக்கு எதிராக வருகிற ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொண்டிருந்த காலம். மானுடவியலாளர் கணநாத் ஒபேசேகர 2017-ல் இந்த ராஜாவுக்காக ஒரு தனிப் புத்தகமே எழுதினார். கொடுங்கோலன் என்ற படத்தில் பெரும்பகுதி வெள்ளைக்காரன் பூசிய வர்ணம் என்பது அவர் கட்சி. பூசியது எவ்வளவு இருந்தாலும் அந்தக் குழந்தைகள் செத்தது பொய்யில்லை. அதை மறைத்து இவனுக்காக அழுவதில் எனக்குச் சம்மதமில்லை.

1815 பிப்ரவரி 18-ம் தேதி, மெதமகாநுவரப் பக்கம் ஒளிந்திருந்த வீட்டில் பிடித்தார்கள். பிடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, எகலப்பொலவின் ஆட்கள். கொடியால் கட்டி இழுத்தார்கள், ராணிகளின் நகைகளைப் பிடுங்கினார்கள். மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம். ஒரு துப்பாக்கிக் குண்டுக்குக்கூடச் சரியாக வேலையில்லாமல், கவர்னர் பிரவுன்றிக் கைக்கு ராஜ்ஜியம் வந்தது. கையெழுத்திட்ட சிங்களப் பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்டார்கள். தமிழ் பேசும் வம்சத்தை இனி ஒருபோதும் அரியணைக்கு வரவிடமாட்டோம் என்ற ஷரத்தும் அதே காகிதத்தில் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். மூன்று வருஷம் முடிவதற்குள், 1817-ல், ஊவாவில் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. கலகத்துக்கு ஒரு ராஜா வேண்டுமே? வில்பாவை என்ற பழைய பிக்கு ஒருவன், நான்தான் துரைசாமி, நாயக்க வம்சத்து உறவு என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றான். ஜனங்கள் அவன் பின்னால் திரண்டார்கள். கலகத்தை அடக்க வெள்ளைக்காரன் அனுப்பிய கெப்பெட்டிபொல என்ற பிரதானியே கட்சி மாறி அதற்குத் தலைமை தாங்கினார். கெப்பெட்டிபொல யார் என்றால், போகம்பறைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்ட அந்தப் பெண்ணின் கூடப்பிறந்தவர். கூடப்பிறந்தவளைக் கொன்ற ராஜாவின் உறவுக்காரன் என்று சொல்லிக்கொண்டவனுக்காக அவர் வாளெடுத்தார், 1818 நவம்பரில் தலையும் கொடுத்தார். அவருடைய மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து 1954-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். எகலப்பொலவுக்கும் அவர் எதிர்பார்த்த சிம்மாசனம் கிடைக்கவில்லை. மொரீசியஸுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829-ல் அங்கேயே செத்தார்.

ராஜாவை 1816 ஜனவரியில் கொழும்பில் கார்ன்வாலிஸ் என்ற கப்பலில் ஏற்றி மதராஸில் இறக்கி, வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். திப்பு குடும்பம் காலி செய்துவிட்டுப் போன கோட்டை. கண்டி மஹால் என்று இன்றும் அங்கே ஒரு கட்டடத்துக்குப் பேர். பிடிபட்ட புதிதில் ஆங்கில அதிகாரி ஒருவரிடம் அவன் பேசியது பதிவாகியிருக்கிறது. உங்கள் கவர்னர்களுக்கு ஆத்திரம் வந்தால் தடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள், எங்களுக்கோ கோபம் இறங்குவதற்குள் தப்புச் செய்தவன் செத்துப்போயிருப்பான் என்பது சாரம். சமாதானம்தான், ஆனால் வெறும் சமாதானம் மட்டும் இல்லை. முப்பத்தைந்து வயதுக்காரன், கட்டிப்போடப்பட்ட பிறகு, தன் ஆட்சியில் எங்கே ஓட்டை என்று சரியாகவே தொட்டுக் காட்டுகிறான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு பதினாறு வருஷம் பென்ஷன். 1832 ஜனவரி 30-ம் தேதி நீர்க்கோவையில் இறந்தான்.

அவன் உட்கார்ந்த சிம்மாசனம் விண்ட்சர் மாளிகைக்குப் போய் 1934-ல் கொழும்புக்குத் திரும்பியது. அவன் கொடி லண்டன் செல்சியில் கிடந்ததை இ. டபிள்யூ. பெரேரா என்ற தேசியவாதி தேடிக் கண்டுபிடித்தார். 1948 பிப்ரவரி 4 அன்று சுதந்திர இலங்கையில் ஏறியது அந்தச் சிங்கக் கொடி. ஓரத்துப் பட்டைகள் பின்னால் சேர்த்தவை. சிம்மாசனம் திரும்பியது, கொடி திரும்பியது. ராஜா மட்டும் வேலூரில்.

என் தீர்ப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். ஜாஃபர் சமாதிக்கு மன்மோகன் சிங் 2012-ல் போனார், மோடி 2017-ல் போனார். தீபாவின் சமாதிக்கு 2012-ல் பர்மா ஜனாதிபதி தெய்ன் செய்ன் ரத்னகிரி வரை வந்து வணங்கினார். செத்த பிறகாவது அவர்களை 'எங்கள் ராஜா' என்று சொல்ல ஒரு தேசம் இருக்கிறது. கண்டி ராஜாவைச் சிங்களவர்கள் வடுகன் என்று ஒதுக்கிவைத்தார்கள். நமக்கோ அவன் இலங்கைக்காரன், பாடப்புத்தகத்தில் ஒரு வரிக்குக்கூட வராதவன். ஆகவே மூவரில் மிகப் பாவப்பட்டவன் அவன்தான். அவன் கையில் ரத்தம் இருந்தும்தான் சொல்கிறேன்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கோ ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கோ வேலூர் போகிறவர்கள் எத்தனையோ பேர். அடுத்த தடவை ஒரு அரைமணி நேரம் ஒதுக்கிப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் எங்கே என்று ஆட்டோக்காரரிடம் கேளுங்கள். ராஜாவும் ராணியும் அங்கேதான் இருக்கிறார்கள். 1990-ல் தமிழக அரசு கட்டிய மண்டபம். கூடப் பிள்ளைகள் இருந்தால் ஏரி வெட்டியதையும் சொல்லுங்கள், குளத்தில் மூழ்கடித்ததையும் சொல்லுங்கள்.